மொதத் தட்டு

ராஜப்பாண்ணன் செத்தது புதன்கிழமை விடியக்காலம். எங்களுக்குத் தெரிஞ்சது சாயங்காலம். நடுவுல நாங்க அவர் தோட்டத்துல திராட்சை அறுத்தோம், ஊர்க்கதை பேசினோம், ஒக்காந்து வயிறு முட்டத் தின்னோம். அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கினு வருது. யார் மேல கோவம்னு மட்டும் கேக்காதீங்க. ஒரு நாளைக்கு அவர் பொண்ணு வாணி மேல வரும். ஒரு நாளைக்கு மழை மேல. சில நாளு அந்த மனுசன் மேலயே வரும், ஒரு நாள் பொறுத்துப் போனா இன்னாய்யா கொறைஞ்சிடும் உனக்குன்னு.

என் பேரு ஐடா. ஆண்டர்சன்பேட்டையில பொறந்து அங்கியே வாக்கப்பட்டவ. ராஜப்பாண்ணன் குடும்பம் எங்களுக்கு எதிர் லைன் வீடு. அவங்க சாமி வேற, எங்க சாமி வேற. ஆனா தண்ணிக் கொழாய் ஒண்ணுதான், அதனால சண்டையும் அங்கதான், சமாதானமும் அங்கதான். எங்க வீட்டுக்காரரு இன்பராஜும் அவரும் தங்கம் வெட்டற மைன்ஸ்ல ஒரே கேங்கு. எங்காளு எப்பவோ போய்ச் சேந்துட்டாரு.

மைன்ஸ மூடினப்போ கையில குடுத்த பணத்த நம்ம ஆளுங்க கல்யாணம், கருமாதி, பிராந்தின்னு கரைச்சாங்க. ராஜப்பாண்ணன் மட்டும் பேத்தமங்கலம் பக்கம் ஒரு துண்டு நெலம் வாங்கினாரு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, கருப்புத் திராட்சை வெச்சாரு. எல்லாரும் சிரிச்சோம். பாறை ஒடைக்கிறவருக்கு பழத்தோட்டம் இன்னாத்துக்குன்னு நானே மூஞ்சிக்கு நேரா கேட்டேன்.

"வாலிபத்துல இருந்து கம்பெனி பூமிக்குக் கீழயே இருந்துட்டேன் ஐடா. செத்தா என் சொந்த பூமிக்குக் கீழ போவணும். அதுவரைக்கும் மேல எதாச்சும் காய்க்கட்டும்"னாரு.

வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். இல்ல. கெணத்துக்கு அந்தாண்ட மூலையில எடமே காட்டி வெச்சிருந்தாரு. அந்த எடத்துல கொடி வெக்கல.

அங்க அறுப்புன்னா கூலியாளு கெடையாது. பழைய கேங்குக்காரங்க குடும்பம்தான் வரும். ஆம்பளைங்க, பொம்பளைங்க, வெளியூர்ல இருந்து வந்த மருமவ வரைக்கும் கத்திரியோட வந்துடுவாங்க. கழுத்த அண்ணாந்துகினே அறுக்கணும், குலைய காம்பப் புடிச்சு எறக்கணும், பழத்து மேல கைபட்டா மினுமினுப்பு போயிடும். மைன்ஸ்ல எந்நேரமும் மேல்பாறையப் பாத்துகினே வேலை செஞ்சவங்களுக்கு அது பெரிய வேலையா? மத்தியானம் பந்தலுக்கு அடியில சோறு. போவும்போது வீட்டுக்கு ஒரு கூடை பழம். அவ்ளோதான் கணக்கு. சமையல் எப்பவும் நான்தான். ராகிக் களி, கறிக்கொழம்பு, மொளகு ரசம். மத்தவ கைய வெச்சா எனக்குப் புடிக்காது.

சோத்துக்கு ஒரு மொறை உண்டு. மைன்ஸ்ல கேங்குக்கு மூத்த ஆளு சோத்துக் கேரியர்ல கைய வெச்சப்புறம்தான் மத்தவங்க தெறப்பாங்க. அதே மொறைதான் தோட்டத்துலயும். மொதத் தட்டு ராஜப்பாண்ணனுக்கு. கடைசி ரெண்டு வருசமா அவருக்கு நெஞ்சு பூரா மைன்ஸ் தூசி, பேசினா இளைக்கும், நடந்தா இளைக்கும். அதனால தோட்டத்து ஷெட்டுல கட்டில் போட்டுப் படுத்திருப்பாரு. தட்டு உள்ள போவும். ஒரு வாய் தின்னுட்டு, தம்ளரால கட்டில் கால்ல டக்கு டக்குன்னு தட்டுவாரு. இரும்புக் கட்டிலு, சத்தம் பந்தல் பூரா கேக்கும். அப்புறம்தான் நாங்க கைய வெப்போம்.

அந்தத் தட்டுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அத ஒவ்வொரு அறுப்புக்கும் சொல்லுவாரு, கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்தும் போச்சு. ஆர்தர்னு ஒரு பையன் அவங்க கேங்குல. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துல கீழ் லெவல்ல பாறை வெடிச்சு செத்துட்டான். மைன்ஸ்ல ஒருத்தன் செத்தா வழக்கம் இன்னா? ஷிப்ட் நிக்கும். எல்லாரும் கருவிய கீழ போட்டுட்டு மேல வந்துடுவாங்க, பொணம் மண்ணுக்குள்ள போற வரைக்கும் ஒருத்தன் எறங்க மாட்டான். அன்னிக்கு இருந்த மேஸ்திரிக்கு ஷிப்ட் நிக்கக் கூடாது. அதனால ஆர்தர் செத்தத வாய தெறந்து சொல்லல. இவங்க மேல் லெவல்ல கேரியரத் தெறந்து, பேசிச் சிரிச்சு தின்னாங்க. ஆர்தர் எங்கடான்னு கேட்டதுக்கு, அவன் முன்னாடியே தின்னுட்டான்னு சொன்னானாம் மேஸ்திரி. ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தா ஸ்ட்ரெச்சர்.

"பொணத்தப் பக்கத்துல வெச்சுகினு சோறு தின்ன வெச்சுட்டான் பாவி"ன்னு சொல்லும்போதெல்லாம் ராஜப்பாண்ணனுக்கு மூச்சு ஏறிடும். அந்த மேஸ்திரி செத்தப்போ சாவு வீட்டுப் பக்கம்கூட எட்டிப் பாக்கல அவரு. கூடத் தின்னவங்கள்ல இப்ப உயிரோட இருக்கறது மரியகுழந்தையண்ணன் ஒருத்தருதான். அவரு ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜுல பெல்லு அடிக்கிறவரா இருந்தவரு. ஆளுங்க மேல போறாங்களா கீழ எறங்கறாங்களான்னு பெல்லு வெச்சுத்தான் மேல தெரியும், மாத்தி அடிச்சா உசுரு போயிடும். அதனால அவரு சும்மா பேச்சுக்குக்கூட பொய் சொல்ல மாட்டாரு. நல்ல மனுசன், ஆனா அழுத்தக்காரரு.

வாணிய சொல்லணும். கட்டிக் குடுத்த எடத்துல சரிப்படாம திரும்பி வந்தவ. வந்ததுல இருந்து தோட்டம்தான் புருசன், தோட்டம்தான் புள்ளை. அவ தம்பி ராஜ்குமாரு தெனம் ஊரிகத்துல ட்ரெய்ன் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போறவன். கெட்டவன் இல்ல, களைச்சுப் போனவன். அவர் சாகறதுக்கு முந்தின வருசம் அறுக்கற நேரத்துல மழை புடிச்சு பழம் பூரா வெடிச்சு அழுகிப் போச்சு. அப்பவே அவன், இத மனை போடற லேஅவுட்டுக்காரனுக்குக் குடுத்துடலாம்னு ஒத்தக் கால்ல நின்னான். வீட்டுல பெரிய ரகளை. கடைசியா ராஜப்பாண்ணனே மூச்சு வாங்கிகினு சொன்னாரு: "இந்த ஒரு அறுப்பு பாப்போம். பழம் வண்டியில ஏறிச்சுன்னா தோட்டம் இருக்கும். இல்லன்னா உன் இஷ்டம்."

பழம் ஏறலைன்னா தோட்டம் போச்சு. தோட்டம் போனா கெணத்து மூலையும் போச்சு. இது வாணிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இப்ப அந்தப் புதன்கிழமைக்கு வரேன். ஆவணி மாசம். காலையில நாங்க டெம்போவுல போயி எறங்கும்போதே வானம் கருகும்முன்னு நின்னுச்சு. குலையெல்லாம் கருநீலமா, ஒரு மழை பட்டா வெடிச்சிடற பதத்துல தொங்குது. வியாபாரி வேற, இன்னிக்கு வண்டி வரும், இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்னு சொல்லிட்டான்.

வாணி ஷெட்டு வாசல்ல நின்னுகினு இருந்தா. மூஞ்சி கழுவி, தலைய இழுத்து முடிஞ்சு, சேலைய தூக்கிச் செருகிகினு. மரியகுழந்தையண்ணன் எப்பவும் போல மொதல்ல ராஜப்பாவப் பாத்துட்டு வரேன்னு ஷெட்டுப் பக்கம் போனாரு. அவ கதவுக்குக் குறுக்கால வந்துட்டா.

"ராத்திரி பூரா இருமல் சித்தப்பா. இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பாதீங்க."

"சரி பாப்பா, தூங்கட்டும்"னு திரும்பிட்டாரு. அது மட்டுமா? எங்க எல்லாரையும் பாத்து ஒதட்டுல வெரல வெச்சாரு. ஷைலான்னு ஒருத்தி, அவரு மருமவ, எதுக்கோ கெக்கெக்கென்னு சிரிச்சதுக்கு, "மெதுவா, மெதுவா, மனுசன் தூங்கறாரு"ன்னு அதட்டினாரு. நாங்களும் குசுகுசுன்னு பேசிகினு அறுத்தோம். ஏசப்பா! யாருக்கு எடஞ்சல்னு அன்னிக்கு அப்படி மெதுவா பேசினோம்!

வாணி அன்னிக்கு அறுத்த மாதிரி எவளும் அறுத்து நான் பாக்கல. ஒரு வரிசை முடிச்சு நிமிரக்கூட இல்ல, அடுத்த வரிசை. கொளவி கொட்டி கை வீங்கிச்சு, ஊதிக்கூட விடல. நான் சுண்ணாம்பு எடுத்துகினு போனேன். "அத்தை, சோத்த பாருங்க"ன்னா. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னா. எனக்குச் சுருக்குனு ஏறிச்சு. திமிருடி உனக்கு, பழம் கையில வந்ததும் ஆளு அடையாளம் தெரியலன்னு மனசுக்குள்ள திட்டிகினே அடுப்புக்கு வந்தேன்.

கொழம்பு அன்னிக்கு நல்லா வாச்சுது. நல்லி எலும்பு ராஜப்பாண்ணனுக்கு உசுரு. அதுக்காகவே ஒண்ணு தனியா எடுத்து வெச்சு, மொதத் தட்டுல களி வெச்சு, கொழம்ப ஊத்தி, நல்லிய மேல வெச்சேன். நானே குடுக்கறேன்னு எழுந்தேன். வாணி எங்க இருந்தோ ஓடியாந்து தட்டைப் புடுங்கிகினா. உள்ள போனா. கதவ சாத்திகினா.

எலை போட்டு, எல்லாரும் வரிசையா ஒக்காந்து, கைய மடியில வெச்சுகினு காத்துகினு இருக்கோம். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. "இன்னா, அண்ணன் மறுபடி தூங்கிட்டாரா?"ன்னு ஷைலா கேட்டா.

அப்பால கேட்டுச்சு. டக்கு டக்கு.

மரியகுழந்தையண்ணன் சிலுவை போட்டுகினு, களிய உருட்டி, கொழம்புல தோச்சு வாயில போட்டாரு. அப்புறம் நாங்க எல்லாரும். மறுசோறு கேட்டு வாங்கித் தின்னோம். வாணி தட்டை வெளிய கொண்டாந்து தொட்டிக்கிட்ட வெச்சா. எட்டிப் பாத்தேன். காலித் தட்டு. நல்லி எலும்பு வெள்ளையா, உள்ள துளிகூட இல்லாம உறிஞ்சியிருக்கு. எனக்குப் பெருமை தாங்கல. "பாத்தீங்களா, நல்லி உறிஞ்சற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு அண்ணனுக்கு"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். மரியகுழந்தையண்ணன் மூஞ்சி மலந்துடுச்சு.

சாயங்காலம் கடைசிப் பழக் கிரேட்ட ஏத்திக் கயிறு கட்டினாங்க. வண்டி மண்ரோட்டுல ஆடி ஆடிப் போயி, தார்ரோட்டுல ஏறி, கண்ணுக்கு மறையற வரைக்கும் வாணி அசையல. அப்புறம் தொட்டிக்குப் போனா. கை கால் கழுவினா. முடிஞ்ச தலைய அவுத்து விட்டா. சாவு வீட்டுலதான் பொம்பளை அப்படித் தலைய விரிப்பா.

"அப்பா போயிட்டாரு"ன்னா.

"எப்போ?" யாரு கேட்டாங்கன்னுகூட ஞாபகம் இல்ல.

"விடியக்காலம். நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி."

பொம்பளைங்க ஓன்னு ஆரம்பிச்சுட்டாங்க. மரியகுழந்தையண்ணன் மட்டும் நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்தாரு. "அப்போ தம்ளரு?"ன்னு கேட்டாரு.

"நான்தான் சித்தப்பா தட்டினேன்."

அவரு பந்தலுக்கு வெளிய போயி, ஒரு கல்தூணப் புடிச்சுகினு குனிஞ்சு, தொண்டையில வெரல விட்டாரு. அந்த வயசுல, அந்த ஒடம்ப வெச்சுகினு, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு எடுத்தாரு. நான் ஆக்கின சோறு. தண்ணி கொண்டு போன ஷைலாவக் கையால தள்ளி விட்டாரு.

எனக்கு வெறி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. "அடிப்பாவி, நீ மனுசியாடி"ன்னு வாணி தலைமுடியப் புடிச்சு கைய ஓங்கிட்டேன். கிட்டப் போனா அவ வாயில கறிக்கொழம்பு வாசம். நான் காலையில அரைச்ச மசாலா வாசம். ஓங்கின கை அப்படியே நின்னு போச்சு.

"கொட்ட மனசு வரல அத்தை"ன்னா. "அப்பா தட்டு. வெளிய வீசினா நாய் தின்னும். அதான் நானே தின்னேன். அவரப் பாத்துகினே தின்னேன். நல்லிய மட்டும் உறிஞ்ச முடியல, அழுதுகினே உறிஞ்சினேன். இல்லன்னா நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க." என் மேலயே சாஞ்சுட்டா. அவள அடிக்கறதா, கட்டிப் புடிக்கறதான்னு தெரியாம நானும் கத்தி அழுதேன்.

உள்ள போனோம். தாடையையும் கால் கட்டை வெரலையும் அவளே கட்டி வெச்சிருந்தா. கொடி கட்டற சணல் கயித்தால. கண்ணு மூடி, போர்வை கழுத்து வரைக்கும். நாள் பூரா தனியாக் கெடந்த ஒடம்பு வெறைச்சுப் போச்சு, கைய சேக்க வரல. தலைமாட்டுல ஒரு கொத்து திராட்சை வெச்சிருந்தா. அறுப்புல மொதக் கொத்து. வாசல்ல ஊதுவத்திகூட ஏத்த முடியாம, அந்தக் கொத்தத்தான் வெச்சிருக்கா.

மரியகுழந்தையண்ணன் கடைசியா வந்தாரு. ராஜப்பாண்ணன் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு. வாணி அவரு கால்ல விழுந்தா.

"மன்னிச்சுடுங்க சித்தப்பா. சொல்லியிருந்தா நீங்கல்லாம் கத்திரிய கீழ போட்டிருப்பீங்க. பழம் போயிருக்கும். தோட்டம் போயிருக்கும். இவர எங்க வெக்கறது?"

அவரு காலை இழுத்துக்கல, அவளத் தூக்கவும் இல்ல.

"எனக்கு இது ரெண்டாவது வாட்டிம்மா"ன்னாரு.

கடப்பாறைய எடுத்துகினு கெணத்து மூலைக்குப் போயிட்டாரு. கேங்குல ஒருத்தன் போனா குழி வெட்டறது கேங்குக்காரங்கதான். மத்த ஆம்பளைங்க வாங்கிக்கறோம் அண்ணேன்னு கேட்டும் கடப்பாறையக் குடுக்கல. ராஜ்குமாரு சேதி கேட்டு வேலையில இருந்து அடிச்சுப் புடிச்சு வந்து சேந்தப்போ பாதிக் குழி தோண்டியாச்சு. அந்தப் பையன் அக்காகிட்ட ஒரு வார்த்தை சண்டை போடல. அப்பன் காலைப் புடிச்சுகினு கொழந்தை மாதிரி அழுதான். மறுநாள் காலையில எடுத்தோம். சொந்த பூமிக்குக் கீழ போயிட்டாரு மனுசன். லேஅவுட் பேச்ச ராஜ்குமாரு அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்கு மழை வரல. மறுநாளும் வரல. அப்படிக் கருத்துகினு நின்ன வானம், எங்கள பயமுறுத்தின வானம், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்தப்புறம்தான் கொட்டுச்சு. ஆர அமர அவர அடக்கம் பண்ணிட்டு, வேற வண்டி புடிச்சு, பழத்தையும் அறுத்திருக்கலாம். எல்லாத்துக்கும் நேரம் இருந்துச்சு. இத நான் வாணிகிட்ட சொன்னதில்ல. அவளுக்கு நான் சொல்லணுமா?

மரியகுழந்தையண்ணன் அவகிட்ட பேச்ச விட்டுட்டாரு. காரியத்துக்கு வந்தாரு, தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. எதிர்ல வந்தா ஒதுங்கிப் போயிடுவாரு. திட்டினாக்கூட தேவலை அத்தைன்னு வாணி என் மடியில படுத்து அழுவா.

வருசத்துக்கு ரெண்டு அறுப்பு, இந்த மாசியில மறுபடி வந்துச்சு. வாணி வீடு வீடா போயிக் கூப்புட்டா. வருவாங்களோ மாட்டாங்களோன்னு எனக்கு ஒதறல்தான், ஆனா எல்லாரும் வந்தாங்க. மரியகுழந்தையண்ணனும் வந்தாரு. அவரு பாட்டுக்கு கடைசி வரிசையில போயி நின்னு அறுத்தாரு. மத்தியானம் நான் களி கிண்டி எறக்கினேன். எலை போட்டாச்சு. இப்ப மூத்த ஆளு அவருதான். வாணி மொதத் தட்டைக் கொண்டு போயி அவருக்கு முன்னாடி வெச்சா. கொழம்பு தளும்பி எலையில சிந்துது.

அவரு தட்டைத் தொடல. எழுந்துட்டாரு.

போயிடப் போறாருன்னுதான் நெனச்சேன். நேரா ஷெட்டுக்குப் போனாரு. கதவு சாத்தியிருந்துச்சு. தள்ளித் தெறந்தாரு. அந்தக் கட்டில் இன்னும் அங்கதான் இருக்கு, மேல காலிக் கிரேட்ட அடுக்கி வெச்சிருக்கோம். ஒவ்வொரு கிரேட்டா எறக்கி வெச்சாரு. வெறுங்கட்டில் வரைக்கும் பாத்தாரு. குனிஞ்சு அடியிலயும் பாத்தாரு. வெளிய வந்து, கதவ மூடாம, பந்தலுக்கு அடியில நின்னு எங்களப் பேர் சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சாரு.

"ஐடா."

"இருக்கேன் அண்ணே."

"ஷைலா."

"இருக்கேன் மாமா."

ஒவ்வொருத்தரா. வெளையாட்டு இல்ல, எல்லாரும் உசுரோட இருக்கோமான்னு கணக்கெடுக்கற குரலு. ஆளு ஆளா பதில் சொல்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போகல. எல்லாம் முடிஞ்சு கடைசியா நிறுத்தினாரு.

"வாணி."

அவ கொழம்புக் கரண்டிய நெஞ்சோட புடிச்சுகினு நிக்கறா. அவரு இன்னொரு வாட்டி கூப்புட்டாரு.

"வாணி."

"இருக்கேன் சித்தப்பா."

தலைய ஆட்டினாரு. வந்து ஒக்காந்தாரு. சிலுவை போட்டுகினாரு. ஒரு வாய் களிய எடுத்து வாயில போட்டு முழுங்கினப்புறம், தம்ளர எடுத்து பக்கத்துல இருந்த கல்தூணுல டக்கு டக்குன்னு தட்டினாரு. நாங்க எலையில கைய வெச்சோம். களி அதுக்குள்ள ஆறிக் கட்டியாயிடுச்சு. ஆறின களிக்கு வாய் ஓயாம கத்தற நான், அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம தின்னேன்.